கீழ்க்கை

பயிலரங்கின் அட்டவணையில் இரண்டாம் நாள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை "ரிலாக்ஸ் டைம்" என்று போட்டு, பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை படமும் வரைந்திருந்தார்கள். ஏற்பாடு செய்த பெண் ஷர்மிளா வேனில் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மேடம், நீங்களும் ரெஸ்ட் எடுக்கணும், ஊசி நூலைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்று மிரட்டிவிட்டுப் போனாள். எல்லாரும் ஏரிக்குப் படகு விடப் போய்விட்டார்கள். கைத்தையல் சொல்லிக்கொடுக்க வந்த வசுமதி மட்டும் எஸ்டேட் பங்களாவின் மாடி அறையில், காலில் சாக்ஸோடு, கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு, ரிலாக்ஸ் பண்ணிக்கொண்டு படுத்திருந்தாள். ஐம்பத்தாறு வயதில் அவளுக்குச் செய்யத் தெரியாத வேலைகளில் இதுவும் ஒன்று. கண்ணை மூடு, மூச்சை விடு என்கிறார்கள். மூடினாள், விட்டாள். வெளியே சில்வர் ஓக் மரத்திலிருந்து குரங்கு ஒன்று தகரக் கூரையில் குதித்தது. மதியச் சாப்பாட்டில் ரசம் நன்றாக இருந்தது, ஏற்காட்டு மிளகு என்று சொன்னார்கள். மிளகு. மிளகு அளவு கூட இல்லை, கடுகு அளவுதான் இருக்கும், அந்தப் பொட்டு. கட்டிலுக்குக் கீழே பயணப் பெட்டி, பெட்டிக்குள் துணிப்பை, பைக்குள் தெய்வானையம்மா பஞ்சு வைத்துத் தைத்த க்வில்ட் துண்டு, அதன் அடித்துணியில் வெள்ளை மேல் அந்தக் கடுகு ரத்தம். அது யாருடைய ரத்தம் என்பதுதான் கேள்வி. காலையில் அவள் எல்லார் முன்னாலும் பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பதில் சரிதானா என்று இப்போது கட்டில் கேட்கிறது, தலையணை கேட்கிறது, குரங்கு கூடக் கேட்கிறது. புரண்டு படுத்தாள். இடது கை உடம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டது. எடுத்து மேலே வைத்துக்கொண்டாள். மரத்துப்போய்விடப் போகிறது என்று நினைத்தாள், உடனே அந்த வார்த்தையை ஏன் நினைத்தோம் என்றும் நினைத்தாள்.

காலையில் நடந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பத்தரை மணிக்குக் கைத்தையல் பாடம். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, இந்த மூன்றையும் வளையத்தில் இறுக்கி, மேலிருந்து வலது கையால் ஊசியை இறக்க வேண்டும். வளையத்துக்கு அடியில் இடது கை காத்திருக்கும். ஊசிமுனை விரலில் லேசாகக் கடித்ததும் அந்த விரல் அதை மேலே தள்ளித் திருப்பி அனுப்பும். கடி இல்லாமல் தையல் இல்லை. பதினோரு ஊர்களில் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒரு வசனமாகவே ஆகிவிட்டது. "கீழ்க்கை சொல்லணும், மேல்கை கேக்கணும். கண்ணால பாத்துத் தைக்காதீங்க, கீழ்க்கையால பாருங்க." இன்றும் சொன்னாள், சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பத்துப் பதினைந்து தையல் போட்டுக் காட்டிவிட்டு எழுந்தாள். தெய்வானையம்மாவின் வளையத்திலும் போட்டாள். ஆத்தூர்க்காரி, ஓய்வுபெற்ற நர்ஸ், முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி, பேச்சு கம்மி. அரைமணி கழித்து வளையத்தைத் திருப்பிப் பார்த்தபோது பொட்டு. வசுமதி கையைத் தட்டி, "எல்லாரும் இங்க பாருங்க, தெய்வானையம்மா ரத்ததானம் பண்ணிட்டாங்க" என்றாள். பதினேழு பேரும் சிரித்தார்கள். "எனக்குக் குத்தலீங்களே மேடம்" என்று தெய்வானையம்மா தன் விரல்களை நீட்டிப் பார்த்தாள், நர்ஸ் பார்ப்பதுபோல, ஒவ்வொன்றாக. "குத்தாம ரத்தம் எங்கேருந்து வரும், ஆகாசத்துலேருந்தா?" மறுபடியும் சிரிப்பு. பிறகு தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தாள். துணியில் ரத்தம் பட்டால் சோப்பு வேண்டாம், வெள்ளை நூலைக் கொஞ்சம் வாயில் போட்டு மென்று, எச்சில் ஊறினதும் அதால் ஒற்றி எடுத்தால் போய்விடும், ஆனால் ஒன்று, அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில்தான், அடுத்தவர் எச்சிலுக்கு அது அசையாது. தெய்வானையம்மா சொன்னபடி நூலை மென்று ஒற்றினாள். பொட்டு கொஞ்சம் மங்கியது, போகவில்லை. "நாக்கு வறண்டு கெடக்கு, தண்ணி குடிங்கம்மா" என்றாள் வசுமதி. மூன்றாவது சிரிப்பு. அப்போது தெய்வானையம்மா இவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சாரிங்க மேடம்" என்றாள். கொடுங்க, நான் ரூம்ல சரி பண்ணித் தரேன் என்று இவளும் துண்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு எதற்கு ஒரு பெண் சாரி சொல்ல வேண்டும்? அதைத்தான் இரண்டு மணியிலிருந்து வசுமதி மென்றுகொண்டிருக்கிறாள்.

குத்தியிருந்தால் தெரிந்திருக்கும். தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொண்டாள், கொஞ்சம் சத்தமாகவே. தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் தெரிந்ததா? பத்துத் தையல் போட்டபோது கீழ்க்கை எத்தனை தடவை சொன்னது? யோசித்துப் பார்த்தால் ஞாபகமில்லை. பழக்கம். மூச்சு விட்டதை யார் எண்ணுகிறார்கள். அதுவுமில்லாமல் காய்ப்பு இருக்கிறது. க்வில்ட் போடுகிறவர்களின் கீழ்க்கை ஆள்காட்டி விரலில் தோல் தடித்துப்போகும், அது பெருமை, அவளே முதல் நாள் எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்வாள், பாருங்க, ஏழு வருஷ சம்பாத்தியம் என்று. தடித்த தோலில் ஊசி பட்டால் தெரியாதுதான். தெரியாதுதானே? அப்புறம் இந்தக் குளிர் வேறு. ஏற்காட்டுக் குளிரில் திருச்சிக்காரி விரல் விறைக்காமல் என்ன செய்யும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போன மாதம் பாண்டிச்சேரியில் குளிரா அடித்தது? அங்கே டீ வந்தது, கண்ணாடி கிளாஸில், எல்லாரும் ஐயோ சுடுது என்று முந்தானையால் பிடித்தபோது இவள் மட்டும் வெறும் கையால் ஏந்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். மேடம் கை இரும்புக் கை என்று ஒருத்தி சொன்னாள். இவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்று ராத்திரி விரலில் கொப்புளம். அதையும் காய்ப்புக் கணக்கில் எழுதிவிட்டாள். ஒரு வருஷமாக ஊசியில் நூல் கோர்க்கக் கம்பி வைத்த கருவி வாங்கி வைத்திருக்கிறாள், கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியாயிற்று. அம்மா கூட முதலில் செருப்பைத்தான் குற்றம் சொன்னாள். உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அம்மா வீட்டுக்கு வருகிறாள், ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை. ஆட்டோவில் கழன்று விழுந்திருக்கிறது, அம்மாவுக்குத் தெரியவே இல்லை. வாசலில் பார்த்தவுடன் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள், வார் தளர்ந்துபோச்சுடி, கடன்காரன் மட்டமான செருப்பைக் குடுத்துட்டான் என்று. வசுமதியும் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் கட்டைவிரலை எடுத்தார்கள், சர்க்கரை. இவளுக்கும் "பார்டர்" என்று டாக்டர் சொல்லி ஐந்து வருஷமாகிறது. அஞ்சு வருஷமாக அதே பார்டரில் நிற்க அது என்ன ராணுவமா. அதற்குப் பிறகு அவள் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. ஊரில் இருந்தால்தானே. சாக்ஸுக்குள் கால்விரலை அசைத்தாள். அசைந்தது. அசைகிற மாதிரி இருந்தது. சாக்ஸைக் கழற்றிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ராஜகோபால் போன் செய்தார். வீட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சமையல் கற்றுக்கொண்டவர், சமைத்ததையெல்லாம் போனில் சொல்வார். "வத்தக்குழம்பு வெச்சேன், புளி ஒரு சுத்து கூடிப்போச்சு. நீ என்ன பண்றே?" "ரிலாக்ஸ் பண்ணிண்டிருக்கேன்." "நீயா?" என்று சிரித்தார். "குரல் ஒரு மாதிரி இருக்கே, ஜலதோஷமா?" "குளிர். வேற ஒண்ணுமில்லை." "கொழும்புலேருந்து மெயில் வந்திருக்கு, மார்ச்சுல க்ளாஸ் எடுக்கத் தேதி கேக்கறா. சரின்னு போட்டுடட்டுமா?" போடுங்கோ என்று சொல்ல வாய் திறந்தாள். "நான் வந்து சொல்றேன்" என்று வந்தது. "வந்து சொல்றியா?" என்றார். எதையும் உடனே சரி என்பவள் அவள். போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி அறையிலேயே நின்றது. கொழும்பு. ஒரு முத்திரை கூட இல்லாத பாஸ்போர்ட். நாற்பத்தெட்டு வயதுவரை வசுமதி தனியாகப் போன அதிகபட்ச தூரம் ஸ்ரீரங்கம். கல்யாணம், காதுகுத்து, காரியம் என்று போனதெல்லாம் யார் பின்னாலாவது. பெண் கல்யாணமாகிப் போன வெறுமையில் வீடியோ பார்த்துப் பழைய புடவைகளை வெட்ட ஆரம்பித்தாள், ஒட்டினாள், தைத்தாள், யாரோ வாங்கினார்கள், யாரோ கற்றுக்கொடுங்கள் என்றார்கள். முதல் தடவை மதுரைக்கு ரயிலில் தனியாக, ஜன்னலோரம், மடியில் துணிப்பை, யாருக்கும் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டியதில்லை, யார் எழுந்தால் தானும் எழ வேண்டும் என்பதில்லை. திண்டுக்கல் தாண்டும்போது அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாரும் அவளுக்குத் தையல் என்றால் உயிர் என்று நினைக்கிறார்கள். தையல் பிடிக்கும், பொய்யில்லை. ஆனால் உயிர் என்னவோ ரயில்தான், ஊர்தான், ஒரு ஊரின் பெயரில் ஒரு அறை, அறைக்கு ஒரு சாவி, அது அவள் கையில். கை போனால் அது போகும். வாயால் சொல்லிக்கொடுக்கலாமே, மெஷின் வைத்துக் கற்றுக்கொடுக்கலாமே என்று மனசு வக்கீல் வைத்துப் பேசியது. மெஷினுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வசுமதி மேடம் என்றால் கைத்தையல், அந்தக் கீழ்க்கை வசனம். அதைச் சொல்லிக்கொண்டே கீழ்க்கை செத்துப்போயிருந்தால் அது பித்தலாட்டம் இல்லாமல் வேறென்ன. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியை நினைத்து அல்ல. தில்லைநகர் வீட்டுக் கூடத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு ஃபேன் சுற்றுவதை நினைத்து.

எழுந்து உட்கார்ந்தாள். பெட்டியை இழுத்தாள், துண்டை எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். பொட்டு இப்போது பழுப்பேறிக் காய்ந்திருந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை, எச்சில் எல்லாம் எச்சில்தான், யாருடையதாக இருந்தால் என்ன என்று தோன்றியது. இத்தனை ஊரில் இத்தனை பேருக்குச் சொன்னபோது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. அப்படியே விட்டுவிடலாம். சோப்புப் போட்டு அலசிக் கொடுத்தால் தீர்ந்தது. தெய்வானையம்மா சாரி சொல்லியாகிவிட்டது, யாரும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நூல்கண்டிலிருந்து வெள்ளை நூலைச் சாண் அளவு கத்தரித்து வாயில் போட்டு மென்றாள். வாய் வறண்டிருந்தது. நாக்கு வறண்டு கெடக்கு, தண்ணி குடிங்கம்மா. மென்றுகொண்டே இருந்தாள். நூல் உருண்டு பட்டாணி போல ஆனதும் எடுத்துப் பொட்டின் மேல் வைத்து ஒற்றினாள், தேய்க்கவில்லை, ஒற்றினாள், எடுத்தாள், மறுபடியும் ஒற்றினாள். நூல் இளஞ்சிவப்பானது. நாலாவது ஒற்றலில் பொட்டு இல்லை. காலையில் ஈரமாக இருந்தபோதே தெய்வானையம்மாவுக்கு வராதது, நாலு மணி நேரம் காய்ந்த பிறகு இவளிடம், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பிள்ளை மாதிரி வந்துவிட்டது. வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தது. ஊறியதால் வந்திருக்கும் என்று ஒரு குரல் சொன்னது. சும்மா இரு என்றாள் வசுமதி.

பிறகு அவள் செய்ததை ரிலாக்ஸ் டைமில் யாரும் செய்யமாட்டார்கள். ஊசிகள் குத்திவைத்த துணிப்புத்தகத்திலிருந்து பத்தாம் நம்பர் ஊசியை எடுத்தாள், சின்ன ஊசி, நல்ல கூர். இடது கையை மடியில் விரித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலின் காய்ப்பில் வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. சரி, காய்ப்பு. காய்ப்பு இல்லாத பக்கம், நகத்துக்குப் பக்கத்தில். ஊசி தோலுக்குள் போவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. அங்கேயே காலையில் குத்தின தடம், சின்னப் புள்ளியாக, ஒன்றல்ல மூன்று. நடுவிரலில் காய்ப்பே கிடையாது. நடுவிரலும் வாயைத் திறக்கவில்லை. மோதிர விரலில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது, யாரோ அடுத்த அறையில் பேசுகிற மாதிரி. சுண்டுவிரலில் சுருக்கென்றது. அந்தச் சுருக்குக்கு அவள் ஐயோ என்று கத்தவில்லை, அப்பாடா என்றாள். சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வந்தது வெட்கம்தான். முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் நரம்பில் ஊசி போட்ட மனுஷி, ஊசி குத்தினது தெரியாதவளாம். அவளைப் பார்த்து, ஊசி குத்தினது தெரியாதவள் சிரித்திருக்கிறாள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அந்தச் சிரிப்புக்குப் பதினேழு பேரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நாளைக் காலையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். தனியாக அவமானப்படுத்தவில்லையே.

போனை எடுத்தாள். ஷர்மிளா ஆரம்பித்த குழுவில் ஏரிப் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன, மிதிபடகு, பஜ்ஜி, லைஃப் ஜாக்கெட்டில் மூன்று பேர். வசுமதி தட்டச்சினாள், அழித்தாள். காலையில் சின்னத் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி. என்ன நேர்ந்துவிட்டது, தானாக நேர்ந்ததா? அழித்தாள். குளிரில் என் விரல் விறைத்திருந்ததால் என்று ஒரு வரி. அதையும் அழித்தாள். கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் அடித்தாள். "காலையில் தெய்வானையம்மா துணியில் இருந்த ரத்தம் என்னுடையது. என் எச்சிலில்தான் போனது. எனக்குக் குத்தியது எனக்கே தெரியவில்லை. எல்லார் முன்னாலும் அவரைக் கேலி செய்தேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்." அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள், பூனை கண்ணை மூடிக்கொண்ட மாதிரி. நிமிர்த்தினாள். அதற்குள் இரண்டு பஜ்ஜிப் படம் மேலே ஏறியிருந்தது. யாரோ ஒருத்தி கட்டைவிரல் காட்டியிருந்தாள். இன்னொருத்தி, மேடம் யூ ஆர் ஸோ ஸ்வீட் என்று இதயம் போட்டிருந்தாள். எதை ஸ்வீட் என்கிறாள், சர்க்கரையைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்து வசுமதிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அப்போது தனியாக ஒரு செய்தி விழுந்தது. தெய்வானையம்மா. "தெரியும் மேடம். நீங்க எந்திரிச்சுப் போறப்பவே உங்க விரல் நுனியில பாத்தேன். எல்லாரும் இருந்தாங்களே, அதான் சொல்லல. எத்தன விரல்?"

எத்தனை விரல். எந்த டாக்டரும் இவளைக் கேட்டதில்லை, இவளும் கேட்கவிட்டதில்லை. படித்ததும் இதுவரை வராத அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். "இடது கையில் ரெண்டு. மூணாவது பாதி." "வலது கை?" என்று வந்தது. வலது கை. ஊசியை வலது கையால் பிடித்துத்தானே பார்த்தோம், அதைப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லையே. இடது கைக்கு ஊசியை மாற்றினாள். அது நிற்கவில்லை. கட்டைவிரல் பிடித்தது, ஆள்காட்டி விரல் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியாமல் விட்டது. கம்பளியில் விழுந்தது, தேடி எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. பதினோரு ஊரில் பெண்களின் கையைப் பிடித்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் எழுதினாள். "வலது கையைப் பார்க்க என்னால் ஊசி பிடிக்க முடியலை. ஏரியிலேருந்து வந்ததும் கொஞ்சம் வர்றீங்களா?" "நான் ஏரிக்குப் போகலீங்க. கீழ் ரூம்லதான் இருக்கேன். கதவத் தொறந்து வைங்க."

தெய்வானையம்மா படியேறி வந்தாள், நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், கையில் சின்ன டெட்டால் பாட்டிலும் பஞ்சும். மன்னிப்பைப் பற்றி வசுமதி பேச ஆரம்பித்தாள். "அது இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியைத் துடைத்து, வசுமதியின் வலது கையை எடுத்துத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். "கண்ண மூடிக்கங்க மேடம். ஊசி படுறப்ப மட்டும் ம்முன்னு சொல்லுங்க. யூகிச்சுச் சொல்லக் கூடாது." வசுமதி கண்ணை மூடினாள். கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, பெண்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. இந்தக் கை நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள், இதனால்தானே எழுதுகிறேன், இதனால்தானே தைக்கிறேன், கொழும்புக்குச் சரி என்று சொல்லிவிடலாம், மார்ச்சில் அங்கே வெயில் எப்படி இருக்குமோ. தெய்வானையம்மாவின் மூச்சு பக்கத்தில் சீராகக் கேட்டது. இவ்வளவு நேரமா ஊசியைத் துடைப்பார்கள்?

"ஆரம்பிங்கம்மா, நான் ரெடி" என்றாள் வசுமதி.

தெய்வானையம்மா வார்டில் பேசுகிற அந்தத் தணிந்த குரலில் சொன்னாள்.

"மூணு விரல் முடிஞ்சுதுங்க மேடம்."